கை எலும்பு தானாக முறிந்தால்: சிறு துளை வழியே ராடு வைப்பது எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. ஆறு வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்தது. போன வாரம் தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது வலது மேற்கை எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்துப்போனது போல் இருக்கிறது, சிறு துளை போட்டு உள்ளே ராடு வைக்கலாம் என்கிறார்கள். மாவுக்கட்டு போட்டாலே சேராதா? கத்தி பட்டால் நோய் பரவும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: விழாமல், அடிபடாமல் எலும்பு முறிந்திருக்கிறது என்றால், அது முன்பே உள்ளுக்குள் வலுவிழந்திருக்கிறது என்று பொருள். மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவுவது வழக்கம். நீள எலும்புகளில் தொடை எலும்புக்கு அடுத்தபடியாக அது அதிகம் தாக்குவது மேற்கை எலும்பைத்தான்.

மாவுக்கட்டு எலும்பை ஒட்ட வைப்பதில்லை, அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சேர வேண்டியது எலும்பே. நோய் அரித்த இடத்தில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. மயக்க மருந்தைத் தாங்க முடியாத அளவுக்கு உடல் தளர்ந்தவர்களுக்குக் கட்டும் பிரேஸும் (கையை வெளியிலிருந்து தாங்கும் உறை) தான் வழி. மற்றவர்களை மாதக்கணக்கில் கட்டோடும் வலியோடும் வைத்திருப்பதை நான் ஏற்பதில்லை. எண்ணெய் போட்டு நீவிவிடும் நாட்டுக் கட்டு இந்த முறிவுக்கு வேண்டவே வேண்டாம்.

உறவினர்களின் பயத்துக்கு வருகிறேன். இது மார்பகத்திலிருந்து வந்த பரவல்தான் என்றால், ராடு வைப்பதைத் தள்ளிப்போட அந்தப் பயம் ஒரு காரணமே இல்லை. ஆனால் எலும்பிலேயே தோன்றிய வேறொரு புற்றுநோயாக இருந்தால் கதையே மாறிவிடும். ராடுக்கு வழி செய்யும்போது நோய் அணுக்கள் எலும்பின் முழு நீளத்துக்கும் இழுபட்டுப் போகும், கையைக் காப்பாற்றும் ஆபரேஷனே கடினமாகிவிடும். பழைய புற்றுநோய் இருந்தது என்பதற்காக, எலும்பில் புதிதாகத் தெரியும் ஒற்றைப் புண்ணையும் (அரித்த இடத்தையும்) அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதனால் டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: "பயாப்ஸி எடுத்தாகிவிட்டதா? உடம்பு முழுக்க ஸ்கேன் பார்த்தாகிவிட்டதா?" பயாப்ஸி என்றால் அரித்த இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. மார்பகப் புற்றுநோயின் ஹார்மோன் தன்மை (ஹார்மோனால் வளர்கிறதா இல்லையா என்பது) பரவிய இடத்தில் மாறியிருக்கலாம். அதைப் பார்த்தே இனிமேல் தர வேண்டிய மாத்திரைகளை முடிவுசெய்வார்கள்.

பயாப்ஸி முடிவு வந்துவிட்டால் ராடு நல்ல யோசனை. தோள் முனையில் சில சென்டிமீட்டர் கீறி, ஆபரேஷன் நடக்கும்போதே திரையில் எலும்பைக் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே மஜ்ஜை இருக்கும் குழாய்க்குள் உலோக ராடை இறக்குவார்கள். மேலும் கீழும் சிறு துளைகள் வழியே ஸ்க்ரூ போட்டுப் பூட்டுவார்கள். முறிந்த இடத்தைத் திறப்பதே இல்லை. காயம் சிறிது என்பதால் கதிர்வீச்சுக்கும் மற்ற மருந்துகளுக்கும் அதிகம் காத்திருக்க வேண்டாம். ராடு எலும்பின் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் இருக்கட்டும். நாளை இன்னும் கீழே ஒரு புண் வந்தாலும் தாங்கும். தோள் தசைநார் வழியே போவதால் சில மாதங்கள் தோளில் வலி இருக்கலாம். முறிவு தோள் மூட்டை ஒட்டி, எலும்பின் தலையே சிதைந்திருந்தால் ராடு பிடிக்காது. அங்கே பிளேட்டோ செயற்கை மூட்டோ தேவைப்படும்.

உலோகம் இல்லாத ஒரு முறையும் உண்டு. சுருங்கிய பலூனை எலும்புக் குழாய்க்குள் செலுத்தி, திரவ ரெசினால் (இறுகக்கூடிய பிசினால்) நிரப்பி, உள்ளே ஒளி பாய்ச்சி இறுக வைப்பார்கள். பல் அடைக்கும்போது டாக்டர் நீல விளக்கு காட்டுவாரே, கிட்டத்தட்ட அதேதான். இலுமினாஸ் என்ற இந்தச் சாதனத்தை, பரவிய புற்றுநோயால் முறியும் கை எலும்புகளுக்காக மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 டிசம்பரில் அனுமதித்தது. குழாயின் வளைவுக்கேற்ப அது படிந்துகொள்ளும், பின்னால் எடுக்கும் ஸ்கேனையும் உலோகம்போல் மறைக்காது. ஆனால் அதைத் தேடி அம்மாவின் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். ராடு நீண்டகாலம் பழகிய முறை.

ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றைப் பார்த்து வையுங்கள். முன்கையைத் தலையணைமேல் தாங்கி வைத்து, மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். மேற்கை எலும்பைச் சுற்றிப்போகும் நரம்பு நசுங்கியிருந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும். அப்படியிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு, காயம் ஆறியதும், வழக்கமாக இரண்டு வாரம் கழித்து, கதிர்வீச்சு தருவார்கள். இதை விட்டுவிட்டால் ராடைச் சுற்றி நோய் அரித்துக்கொண்டே போகும், ராடு தளர்ந்துவிடும். எலும்பை வலுப்படுத்த சோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடுவார்கள். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். சாப்பிட, தலை வார கையைச் சீக்கிரமே பயன்படுத்தலாம். குடம் தூக்குவது மட்டும் வேண்டாம். ரவிக்கை போடும்போது முறிந்த கையை முதலில் நுழையுங்கள். எழுப்பிவிடும்போது கையைப் பிடித்து இழுக்காமல் முதுகைத் தாங்குங்கள்.

அம்மாவுக்குத் தொடையிலோ இடுப்பிலோ வலி இருக்கிறதா? நடக்கும்போது வலித்தால், கை ஆபரேஷனுக்கு முன்பே அங்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அடங்காத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.