மூன்று தீவுகள், ஒரு பகல்

ஐயா,

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகன், 67 வயது அம்மா. ஏதென்ஸில் நான்கு இரவுகள் மட்டும்தான். டிராவல் ஏஜென்ட் 'ஒரே நாளில் மூன்று தீவுகள்' என்று ஒரு கப்பல் பயணத்தைச் சொல்கிறார். ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகிறது. மனைவிக்குச் சாண்டோரினியைப் பார்க்க ஆசை, அந்தக் கப்பல் அங்கே போகுமா? அம்மாவுக்கு மூட்டுவலி. சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். எனக்குக் கடல் என்றாலே தலைசுற்றும். போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று எழுதுங்கள்.

ச., கோவை

அன்புள்ள ச.,

சாண்டோரினி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் கப்பல் அங்கே போகாது, போகவும் முடியாது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாண்டோரினி ஏறத்தாழ 130 கடல் மைல். வேகக் கப்பலுக்கே ஐந்து மணி நேரம் வேண்டும், சாதாரண ஃபெர்ரிக்கு ஏழெட்டு மணி நேரம். மைக்கோனோஸ் தீவும் ஒரு பகலில் போய்வந்து ரசிக்கிற தூரத்தில் இல்லை. ஏதென்ஸில் 'மூன்று தீவுகள்' என்று விற்கப்படுவது ஊரை ஒட்டிய சரோனிக் வளைகுடாவுக்குள் கிடக்கும் ஹைட்ரா, போரோஸ், ஏஜினா மூன்றும்தான். ஏஜினா 17 கடல் மைல், போரோஸ் 31, ஹைட்ரா 37. அந்த நெருக்கத்தால்தான் இந்தப் பயணமே சாத்தியமாகிறது. மனைவியிடம் இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சாண்டோரினியின் நீலக் குவிமாடங்களை எதிர்பார்த்துக் கப்பலேறினால் ஹைட்ராவின் சாம்பல் கல் வீடுகள்கூட அவருக்கு ஏமாற்றமாகத் தெரியும். அந்த ஊருக்கு அது நியாயமில்லை.

காசுக்குத் தகுமா என்பதற்கு நேரக்கணக்குதான் பதில். காலை எட்டு மணிக்குக் கப்பல் கிளம்பும், மாலை ஏழு, ஏழரைக்குத் திரும்பும். முதலில் ஹைட்ரா வரை ஒரே மூச்சாக மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே இறங்கி ஒன்றரை மணி நேரம். அடுத்து ஒரு மணி நேர ஓட்டம், போரோஸில் ஐம்பது நிமிடம். மறுபடி ஒன்றேகால் மணி நேரம் போல ஓடி ஏஜினா, அங்கே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பிறகு வீடு திரும்பல். பதினொன்றரை மணி நேரத்தில் தரையில் கால் வைப்பது சுமார் நான்கு மணி நேரம்தான். சில நாள் வரிசை மாறும், கணக்கு மாறாது. நீங்கள் வாங்குவது நடுநடுவே மூன்று முறை இறங்கி ஏறும் ஒரு முழுநாள் கடல் பயணம். கடலும் கரையும் கண்முன் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே சுகம் என்பவர்களுக்கு இது மிக நல்ல நாள். தீவை நடந்து அறிய வேண்டும் என்பவர்கள் ஃபெர்ரி பிடித்து ஒரே ஒரு தீவுக்குப் போகவேண்டும்.

உங்கள் அம்மாவை நினைத்தால் எனக்குக் கப்பல்தான் சரியென்று படுகிறது. உட்கார இடம், கழிப்பறை, நிழல், சாப்பாடு எல்லாம் கூடவே வருகின்றன. எந்தத் தீவில் இறங்க மனமில்லையோ அங்கே அவர் கப்பலிலேயே இருந்துகொள்ளலாம். ஆனால் பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். தளங்களுக்கு நடுவே லிஃப்ட் உண்டா, இல்லை படி மட்டும்தானா? சாப்பாட்டுக் கூடம் எந்தத் தளத்தில்? சில கப்பல்களில் அது கீழ்த்தளத்தில் இருக்கும், செங்குத்தான படி வழியாகத்தான் இறங்கவேண்டும். மூட்டுவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போடும் நடைபலகையில் கைப்பிடி உண்டு, ஆனாலும் கப்பல் அசைந்தால் அதுவும் அசையும். முதல் கூட்டம் இறங்கி முடியட்டும், கடைசியில் இறக்குங்கள். கப்பல் ஊழியர் ஒருவர் பலகை ஓரம் நிற்பார், கேட்டால் கைகொடுப்பார்.

காலையில் ஹோட்டலிலிருந்து அழைத்துப்போவது சில சீட்டுகளில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் தனிக்கட்டணம். 'அழைத்துப்போவோம்' என்றால் பெரும்பாலும் உங்கள் ஹோட்டல் வாசலாக இருக்காது, பக்கத்து பெரிய ஹோட்டலின் வாசலாக இருக்கும். வவுச்சரில் எழுதியிருக்கும் இடத்தை முந்தின நாளே நடந்து பார்த்துவையுங்கள். ஒருநாள் கப்பல்கள் பலவும் பிரேயஸ் பெரிய துறைமுகத்திலிருந்து கிளம்புவதில்லை. பாலேயோ ஃபாலிரோ என்ற கடலோரப் புறநகரில் இருக்கும் ஃப்லிஸ்வோஸ் மரீனா போன்ற படகுத்துறைகளிலிருந்து கிளம்புகின்றன. 'துறைமுகம்' என்று மட்டும் டாக்ஸிக்காரரிடம் சொன்னால் பிரேயஸில் கொண்டுபோய் விட்டுவிடுவார். காலை 7:50க்கு அங்கே நின்றுகொண்டு முழிக்கிற நிலை உண்மையிலேயே பலருக்கு வருகிறது. மரீனாவின் பெயரைக் கிரேக்க எழுத்தில் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழேகாலுக்கு அங்கே இருந்தால் நல்ல இருக்கையும் கிடைக்கும். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், சீட்டில் இருக்கும் பெயர் அதனோடு ஒத்துப்போகவேண்டும்.

தலைசுற்றலுக்கு வருகிறேன். கப்பல் முன்னும் பின்னும் தூக்கிப் போடும்போது நடுப்பகுதி குறைவாகவே அசையும். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்வது போலத்தான். அதனால் நடுவில், கூடியவரை கீழ்த் தளத்தில், காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். போனைக் குனிந்து பார்க்கப் பார்க்கத்தான் குமட்டல் ஏறும், ஏனென்றால் காது அசைவைச் சொல்கிறது, கண் அசைவில்லை என்கிறது. நம்மூரில் கிடைக்கும் அவோமின் மாத்திரை பயன்படும். ஆனால் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே விழுங்கியிருக்கவேண்டும். குமட்டல் ஆரம்பித்தபின் போட்டால் வாந்தியோடு வெளியே போகும். தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால் அம்மாவுக்கும் பையனுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். ரொட்டியும் வாழைப்பழமும் போதும்.

நீங்கள் போகிற மாதம் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலைப் புரட்டிப்போடும் மெல்டெமி என்கிற வடகாற்று செப்டம்பர் கடைசியில் தணிந்திருக்கும். சரோனிக் வளைகுடாவுக்கு, ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா நிலப்பகுதி ஓரளவு மறைப்பும் தருகிறது. இருந்தாலும் ஹைட்ரா துறைமுகம் வடக்கு பார்த்தது, வடகாற்று பலமாக வீசினால் அலை உள்ளே நுழையும். அப்படிப்பட்ட நாளில் கப்பல் தலைவர் வரிசையை மாற்றலாம், ஒரு தீவையே விட்டுவிடலாம். காற்று பியூஃபோர்ட் அளவில் எட்டைத் தொட்டால் கடலோரக் காவல் படை பொதுவாகக் கப்பல்கள் கிளம்பவே தடை போடும், சிறிய வேகக் கலங்களுக்கு அதற்கும் முன்பே. முழுப்பயணமும் ரத்தானால் பணமோ மாற்றுத் தேதியோ கிடைக்கும், ஒரு தீவு மட்டும் விடுபட்டால் பெரும்பாலும் எதுவும் திரும்பாது. ஆகவே ஏதென்ஸில் கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள். இரண்டாம் நாளுக்கு வைத்தால் தள்ளிப்போட இடமிருக்கும்.

இனி தீவுகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டாவது காரியம்தான் கப்பலைத் தவறவிட வைப்பது.

ஹைட்ராவில் கார், பைக் எதுவும் கிடையாது. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சில மட்டும்தான். சிமெண்ட் மூட்டை முதல் ஃப்ரிட்ஜ் வரை கோவேறு கழுதை முதுகில்தான் மேலே ஏறுகிறது. இறங்கியதும் துறைமுகத்திலேயே அவை வரிசையாக நிற்கும், சவாரிக்கு அழைப்பார்கள். வேண்டாம் என்பேன். மூட்டுவலிக்காரர் சேணத்திலிருந்து இறங்குகிற அந்த ஒரு நிமிடம் படியேறுவதைவிட வலிக்கும், வெயிலில் நிற்கிற விலங்குக்கும் அது சுகமில்லை. கரையோரம் முழுக்கச் சமதளம். நடுவில் பளிங்கு மணிக்கூண்டு தெரியும், அதன் கீழ் வளைவு வழியாக நுழைந்தால் பழைய மடத்தின் முற்றம். வாசலிலிருந்து பத்தடியில் காபிக்கடை இரைச்சல் அடங்கிவிடும். அம்மாவை அங்கே உட்காரவைக்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், புடவைக்குக் கவலையில்லை. நீங்களும் பையனும் ஊரைப் பார்த்து நின்று வலக்கைப் பக்கம், அதாவது மேற்கே, கரைவழியே போனால் ஐந்து நிமிடத்தில் பழைய பீரங்கிகள். 1821இல் தொடங்கிய விடுதலைப் போரில் இந்தச் சிறு தீவின் கப்பல்கள்தான் கிரேக்கர்களின் கடற்படைக்கு முதுகெலும்பு. அங்கேயே பாறையில் வெட்டிய படிகளில் இறங்கிக் குளிப்பார்கள். மணல் கிடையாது, முதல் அடியிலேயே ஆழம். நீச்சல் தெரியாத பையனை இறக்கவேண்டாம். பாதைக்கற்கள் பல தலைமுறைகள் நடந்து நடந்து வழவழப்பாகிவிட்டவை, தோல் செருப்பு வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூதான் சரி.

போரோஸில் இறங்குவதைவிட அதை நெருங்குவதுதான் காட்சி. ஹைட்ராவிலிருந்து வரும் கப்பல் கிரீஸின் தென்பகுதியான பெலொப்பொனீஸ் நிலத்துக்கும் தீவுக்கும் நடுவே ஒரு குறுகிய கால்வாய் போன்ற வழியில் நுழையும். வலப்பக்கம் போரோஸ் ஊர் படிப்படியாக மேலேறி உச்சியில் மணிக்கூண்டில் முடியும், இடப்பக்கம் கலாடாஸ் ஊர். மாடியில் துணி உலர்த்துகிறவர் முகம்கூடத் தெரிகிற நெருக்கம். சிக்கல் என்னவென்றால், சாப்பாடு குழுக்குழுவாகப் பந்தி போல நடக்கும், உங்கள் பந்தி அதே நேரத்தில் அமைந்துவிடலாம். காலையிலேயே கப்பல் ஊழியரிடம் முன் பந்தியோ பின் பந்தியோ கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இருபது நிமிடம் மேல்தளத்தில் வலப்பக்கக் கம்பி ஓரம் நிற்கவேண்டும். கரையில் கிடைக்கும் ஐம்பது நிமிடத்தில் மணிக்கூண்டு வரை ஏறிவரலாம், படிகள் உண்டு. கி.மு. 322இல் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் அடைக்கலம் புகுந்து நஞ்சருந்திய பொசைடன் கோவில் இதே தீவில்தான். ஆனால் அது ஊரிலிருந்து பல கிலோமீட்டர், இந்த நேரத்துக்குள் ஆகாது.

சாப்பாடு. பஃபே மேசையில் சைவம்போலத் தெரிவதெல்லாம் சைவம் அல்ல. திராட்சை இலையில் சுற்றிய டோல்மாவும் உள்ளே சாதம் அடைத்த தக்காளியும் கொத்துக்கறியோடும் வரும், இல்லாமலும் வரும். பிலாஃப் சோற்றைக் கோழி வேகவைத்த நீரில் செய்வது வழக்கம். கீரை அடைத்துச் சுடும் 'பை' (pie) பண்டத்தில் பெரும்பாலும் முட்டை உண்டு. ஃபெட்டா பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பை நொதி கொண்டு உறையவைக்கும் வழக்கமும் உண்டு, அது அம்மாவுக்கு உடன்பாடா என்று அவரே சொல்லட்டும். தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை போன்ற கிகாந்தெஸ், பருப்பு மசியலான ஃபாவா, ரொட்டி, ஆலிவ், கெட்டித் தயிர் ஆகியவை நம்பிக் கேட்கக்கூடியவை. 'நிஸ்திசிமோ' என்ற ஒரு சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். கிரேக்கர்களின் நோன்புச் சாப்பாடு அது: இறைச்சி, பால், முட்டை மூன்றும் இருக்காது. ஆனால் கணவாய், இறால் நோன்பில் சேர்த்தி, ஆகவே அதையும் தனியாகக் கேட்கவேண்டும். 'ஹோரிஸ் க்ரேயாஸ்' என்றால் இறைச்சி இல்லாமல், 'ஹோரிஸ் ப்சாரி' என்றால் மீன் இல்லாமல். குடிபானங்கள் அநேகமாகத் தனிக்காசு.

ஏஜினாவில் கப்பல்காரர்கள் தனிக்கட்டணத்தில் பஸ் சுற்றுலா விற்பார்கள். பணத்தை அங்கேதான் செலவழிக்கச் சொல்வேன். துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல, பைன் மரக் குன்றின்மேல் அஃபாயா என்ற பழைய கிரேக்கப் பெண் தெய்வத்தின் கோவில். கி.மு. 500 வாக்கில் கட்டியது, டோரிக் தூண்களில் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. அதன் முகப்புச் சிற்பங்கள் 1811இல் தோண்டியெடுக்கப்பட்டு ம்யூனிக் போய்விட்டன, இங்கே கல்லும் காற்றும்தான். அது குறையாகத் தெரியவில்லை. ஊர் பஸ்ஸிலும் போகலாம், ஆனால் திரும்பும் பஸ்ஸின் நேரம் உங்கள் கப்பலுக்குப் பொருந்துமென்று நம்பமுடியாது. சுற்றுலா பஸ்ஸிலிருந்து கோவில் வரை சிறு மேடும் கரடுமுரடான தரையும் உண்டு. அம்மாவால் முடியாவிட்டால் மனைவியோடு துறைமுகக் காபிக்கடையில் இருக்கட்டும், எதிரிலேயே கடலுக்குள் ஒரு குட்டி வெள்ளைத் தேவாலயம். இதே சிற்றூர்தான் 1828இல் புதிய கிரீஸின் தலைநகராக இருந்தது.

பிஸ்தா வாங்காமல் வராதீர்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை அறுவடை, நீங்கள் போகும்போது புது விளைச்சல் வந்திருக்கும். 'நேயா ஸோதியா?' என்று கேளுங்கள், புது அறுவடையா என்று பொருள். ஏஜினா பிஸ்தா குண்டு வயிறும் பிளந்த வாயுமாக இருக்கும். வாய் மூடியவை அதிகம் கலந்த குவியலை விட்டுவிடுங்கள். ஒன்றை உடைத்து ருசி பார்க்கக் கொடுப்பார்கள். பருப்பின் மேல் தோல் ஊதாச் சாயையும் உள்ளே பச்சையும் இருக்கவேண்டும். மென்றதும் காறல் அடித்தால் பழசு. ஊருக்குக் கொண்டுவர, காற்று நீக்கி மூடிய பாக்கெட்டாக வாங்குங்கள். வெறும் 'ஃபிஸ்திகி' என்றால் வேர்க்கடலையும் அதில் அடங்கும், 'ஃபிஸ்திகி ஏயினிஸ்' என்று சொல்லவேண்டும். ஆம், அவர்கள் வாயில் ஏஜினா 'ஏயினா', ஹைட்ரா 'ஈத்ரா'. கப்பல் ஒலிபெருக்கியில் கிரேக்க அறிவிப்பு வரும்போது இது உதவும்.

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஹைட்ராவிலோ ஏஜினாவிலோ தவறவிட்டால் பிரேயஸ் திரும்ப வழக்கமான ஃபெர்ரிகள் உண்டு, செலவு உங்களுடையது. அதனால்தான் பாஸ்போர்ட்டும் கார்டும் அம்மாவின் மாத்திரையும் பையில் விடாமல் உடம்போடு இருக்கவேண்டும் என்கிறேன்.

முன்பதிவுக்கு முன் வானிலை முன்னறிவிப்பில் பலத்த காற்று தெரிந்தாலோ, அம்மா மூன்று முறை இறங்கி ஏறத் தயங்கினாலோ, மாற்று ஒன்று இருக்கிறது. மெட்ரோவில் பிரேயஸ் போய், எட்டாம் வாயிலிலிருந்து ஏஜினாவுக்குப் பெரிய கார் ஃபெர்ரி பிடியுங்கள். ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் ஒருவழிக்குப் பத்து யூரோவைச் சுற்றி. அவ்வளவாக ஆடாது. துறையில் டாக்ஸி பேசி அஃபாயா போய்வந்து, நிதானமாகச் சாப்பிட்டு, இருட்டுமுன் திரும்பிவிடலாம். நான்கு பேருக்கும் சேர்த்து அந்த நாளின் செலவு, நான்கு கப்பல் சீட்டுகளின் விலையைவிட நன்றாகவே குறையும்.