புஷ் ராடு நீளம்: சேலத்திலிருந்து சில கேள்விகள், பதில்கள்

பழைய அம்பாசடர், ஃபியட், ஜீப் இன்ஜின்களை இறக்கி வேலை பார்ப்பவர்கள் இந்த முறை கேட்டவற்றில் பெரும்பாலானவை புஷ் ராடு பற்றியவை. கேம் ஷாஃப்ட் தள்ளும் டேப்பெட்டின் அசைவை மேலே ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி அது; ராக்கர் சாய்ந்து வால்வைத் திறக்கிறது. டேப்பெட் செட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடைவெளி, சரியாகிவிட்டால் நீளமும் சரி என்ற எண்ணம் பல கேள்விகளில் தெரிகிறது. அது தவறு. ஏன் என்று முதல் பதிலிலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி, அம்பாசடர் 1489 சிசி: அண்ணா, ஹெட் வளைந்திருந்ததால் ஃபேசிங் செய்தோம், அடிப்பரப்பைச் சீவி 0.6 மில்லிமீட்டர் எடுத்தார்கள். வால்வு சீட்டும் வெட்டியாச்சு. பழைய புஷ் ராடையே போடலாமா?

போடலாமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும் தம்பி. கேம் ஷாஃப்ட் பிளாக்கில் இருக்கிறது, ராக்கர் ஷாஃப்ட் ஹெட்டின் மேல் நிற்கிறது. ஃபேசிங்கில் 0.6 போனால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 0.6 குறையும், பழைய ராடு அந்த அளவுக்கு நீளமாகிவிடும். ஆனால் ராக்கரும் வால்வும் ஹெட்டோடு சேர்ந்தே இறங்குவதால், வால்வுத் தலையில் ராக்கர் உட்காரும் விதம் மாறாது.

சீட், அதாவது மூடும்போது வால்வு உட்காரும் இடம், வெட்டுவது வேறு கதை. வால்வு ஹெட்டுக்குள் பதியப் பதிய அதன் தண்டு மேலே ஏறும். 0.5 ஏறியிருந்தால் ராக்கர் சாய்ந்து நிற்கும், தண்டின் நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் அழுத்தும். தண்டு ஓடும் குழாயான கைடு ஒரு பக்கமாகத் தேயும். புஷ் ராடை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ஷாஃப்டில் மாட்டிய ராக்கரில் அந்தக் கோணத்தை முடிவு செய்வது ஷாஃப்டின் உயரம்தான். அதனால் ராக்கர் ஸ்டாண்டுகளின் அடியில் 0.5 தடிமன் தகடு, அதாவது ஷிம், வைக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஷிம் வைத்ததும் ராக்கர் முழுவதும் 0.5 மேலே போகிறது, அதனால் ராடு 0.5 நீளமாக வேண்டும். ஃபேசிங்கால் 0.6 குட்டையாக வேண்டும். மிச்சம் 0.1. அதை ராக்கரில் இடைவெளி செட் செய்யும் ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும், பழைய ராடே போதும். சீட் வெட்டாமல் ஃபேசிங் மட்டும் செய்திருந்தால் ஷிம் வேண்டாம், ராடைத்தான் குட்டையாக்க வேண்டும். ஹெட் ஃபேசிங் என்றாலே ஷிம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பவர்கள் நல்ல கோணத்தைக் கெடுக்கிறார்கள் என்பது என் கருத்து.

இரண்டு எச்சரிக்கை. எண்ணெய் ஏறி வரும் ஸ்டாண்டின் ஷிம்மில் துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராக்கர் காய்ந்துவிடும். அப்புறம், இந்த இன்ஜினில் ராக்கர் ஸ்டாண்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஹெட் பூட்டிய பிறகு ஷிம் வைப்பதானால் தண்ணீரை இறக்கிவிட்டு, மற்ற ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி தளர்த்தி, திரும்ப வரிசைப்படி இறுக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை, ஃபியட் 1100: அளவு பார்க்கும் ராடு கடையில் கிடைக்கவில்லை. நாமே செய்துகொள்ள முடியுமா?

தாராளமாக. நான் இன்றும் வைத்திருப்பது நானே செய்ததுதான். உங்கள் இன்ஜினின் பழைய ராடு ஒன்றை நடுவில் அறுத்து, இரண்டு துண்டிலும் மரை போட்டு, நடுவில் எம்6 ஸ்டட், லாக் நட் போடுங்கள். எம்6 சாதாரண மரையில் ஒரு முழுச் சுற்று சரியாக 1 மில்லி, கால் சுற்று 0.25.

அதைப் பூட்டி அளக்கும்போது வால்வு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்பிரிங் போடுங்கள். ஸ்பிரிங்கின் பலத்தில் மரை வளைந்தால் அளவு பொய்யாகும். ஹெட் பேக்கிங் புதியதாக இருந்தால் முழு டார்க்கில் இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். இறுக்காத பேக்கிங் தடிமனாக இருக்கும்.

அளக்கும் வால்வு முழுக்க மூடியிருக்க வேண்டும். எட்டு வால்வு வரிசையாக உள்ள நான்கு சிலிண்டரில் 9 கணக்கு தெரிந்திருக்கும், இரண்டு வால்வின் எண்ணையும் கூட்டினால் 9: எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைப் பார்ப்பது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது. ராக்கர் ஸ்க்ரூவை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி, உங்கள் மேனுவலில் உள்ள இடைவெளி அளவுக்கு மெல்லிய அளவுத் தகடான ஃபில்லர் கேஜை வைத்து, ராடை நீட்டிக்கொண்டே வாருங்கள். கேஜ் இறுக்கமாக நழுவும் இடத்தில் லாக் நட்டைப் பூட்டுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய நீளம். ஒரே வால்வோடு நிறுத்தாமல் எட்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக விலகினால் கோளாறு அந்த வால்விலோ டேப்பெட்டிலோ இருக்கும்.

அதே கடையிலிருந்து இன்னொருவர்: ஸ்க்ரூ நடுவில் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு முறை ஃபேசிங் ஆன ஹெட்டை அளக்காமல் பூட்டினேன். ஸ்க்ரூ முழுக்க மேலே ஏறியும் இடைவெளி கிடைத்தது, அதனால் சரி என்று விட்டுவிட்டேன். ராடின் மேல் கிண்ணம் ராக்கரின் அடிவயிற்றில் உரசிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ஏற்காடு ஏறும்போது பாதிக் கொண்டைஊசி வளைவுகளிலேயே ஒரு ராடு கழன்று விழுந்தது. குடும்பத்தோடு மேலே போய்க்கொண்டிருந்த வண்டி. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அதன் பிறகு அளக்காமல் நான் ஒரு ஹெட்டும் மூடியதில்லை. எதிர்ப்பக்கமும் கெடுதல்தான்: ஸ்க்ரூ ரொம்பக் கீழே இறங்கி நீட்டிக்கொண்டிருந்தால் மரையின் பிடி குறையும், சில ராக்கர்களில் ஸ்க்ரூ வழியாகப் போகும் எண்ணெய்த் துளையும் விலகிவிடும்.

ஏற்காடு, எஸ்டேட் வீட்டு செவ்ரோலே இம்பாலா வி8: ஐயா, இதில் ராக்கருக்கு ஷாஃப்டே இல்லை. நட்டைத் திருகினால் சத்தம் போய்விடுகிறது. அது போதாதா?

போதாது ஐயா. உங்கள் இன்ஜினில் ஒவ்வொரு ராக்கரும் தனி ஸ்டட்டில், ஒரு உருண்டையின் மேல் ஆடுகிறது. ராடு நீளமானால் நட்டை மேலே வைப்பீர்கள், ராக்கரின் அச்சும் மேலே போகும். அதாவது அம்பாசடரில் ஷிம் செய்யும் வேலையை இதில் ராடின் நீளமே செய்கிறது. நட்டு எந்த நீளத்துக்கும் வளைந்துகொடுக்கும், அதனால் தப்பான ராடைக் காட்டிக்கொடுக்காது.

வால்வுத் தண்டின் தலையில் மார்க்கர் பேனாவால் பூசுங்கள். இடைவெளி இல்லாமல் செட் செய்து, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். ராக்கர் தேய்த்த கோடு தெரியும். அது ஒல்லியாக, நடுவில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம், அதாவது எக்ஸாஸ்ட் பக்கம் ஒதுங்கினால் ராடு நீளம், உள்பக்கம் ஒதுங்கினால் குட்டை. கோடு நடுவில் இருந்தும் அகலமாக இருந்தால் நான் அகலத்துக்குத்தான் முதலிடம் தருவேன். வால்வு பாதி திறந்த நிலையில், அதாவது பாதி லிஃப்டில், ராக்கர் வால்வுக்கு நேர் செங்குத்தாக வந்தால் கோடு மிக ஒல்லியாகும்.

உங்களுடையது ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தில் தானே இடைவெளியை எடுத்துக்கொள்ளும் டேப்பெட்) என்றால் அளக்கும்போது உள்ளே அமுங்காத சாலிட் லிஃப்டர் ஒன்றைப் போடுங்கள். கடைசியாகப் பூட்டும்போது, ராடின் மேல்கீழ் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து நட்டை ஒரு சுற்று இறக்குவது பழைய முறை. 3/8 அங்குலம், 24 மரை ஸ்டட்டில் அது சுமார் 1.06 மில்லி.

நாகலூர், ஜீப்: எஃப் ஹெட் ஹரிக்கேன் இன்ஜின். ராடு ஒன்று வளைந்துவிட்டது. நெட்டாக்கிப் போடலாமா? நான்குதான் இருக்கிறது, மற்ற நான்கு எங்கே?

நான்குதான். இந்த இன்ஜினில் இன்டேக் வால்வு மட்டும் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே டேப்பெட் மேல் நேரடியாக நிற்கிறது. வளைந்ததை நெட்டாக்காதீர்கள், அடுத்த முறை அதே இடத்தில் வளையும். மற்ற மூன்றையும் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஏன் வளைந்தது என்பது. பெரும்பாலும் கைடில் வால்வு பிடித்திருக்கும். அதைப் பார்க்காமல் புது ராடு போட்டால் அதுவும் வளையும்.

ஓமலூர், ஃபியட்: சூட்டில் இந்த அளவெல்லாம் மாறாதா?

மாறும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. உங்கள் ஹெட் அலுமினியம், ராடு ஸ்டீல். ஹெட்டின் உயரம் 80 மில்லி என்று வைத்து, 70 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் ஸ்டீலைவிடச் சுமார் 0.06 மில்லி கூடுதலாக விரியும். ராடு நீளத்தை ஆறின இன்ஜினில் அளந்தால் போதும். டேப்பெட் இடைவெளிக்கு மட்டும் மேனுவல் சூட்டில் பார்க்கச் சொல்கிறதா, ஆறிய பிறகா என்று கவனித்து அப்படியே செய்யுங்கள்.

கோரிமேடு, அம்பாசடர்: கேமை கிரைண்ட் செய்து வந்தோம். அதற்கும் கணக்கு உண்டா?

உண்டு. கேமின் அடிவட்டம், அதாவது மேடு தவிர்த்த வட்டப் பகுதி, விட்டத்தில் 1 மில்லி குறைந்திருந்தால் டேப்பெட் 0.5 இறங்கி உட்காரும், ராடு 0.5 நீளமாக வேண்டும். கிரைண்ட் செய்பவரிடம் பழைய அடிவட்டம், புதிய அடிவட்டம் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராடை ஆர்டர் செய்யும்போது வெறும் நீளத்தை மட்டும் சொல்லாதீர்கள். கிண்ண முனையில் விளிம்பிலிருந்து அளந்தால் ஒன்று, குழியின் அடியிலிருந்து அளந்தால் வேறொன்று. உங்கள் பழைய ராடு ஒன்றைக் கையில் கொடுத்து, இதைவிட இத்தனை மில்லி கூட அல்லது குறைய என்று சொல்லுங்கள்.