கடைசி இடத்துக்குப் பரிசு உண்டா? – கூடைப்பந்து கேள்வி-பதில்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் போட்டியில் 2023-24 சீசனின் 82 ஆட்டங்களில் பதினான்கை மட்டுமே வென்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, அடுத்த சீசனிலேயே 44 ஆட்டங்களை வென்றதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த மாற்றத்துக்குக் காரணம் கோடை விடுமுறையில் செய்த வீரர் பரிமாற்றங்களா, டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் இரண்டு சுற்றுத் தேர்வில், எடுத்த இளைஞர்களா என்று வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் தனித்தனியாக எழுதிய கடிதங்களும் அவற்றில் உண்டு. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கடைசி இடம் பிடிக்கும் அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் வாய்ப்பு என்று எண்ணியிருந்தேன். கடைசியில் நின்ற டெட்ராய்ட்டுக்கு 2024இல் ஐந்தாவது வாய்ப்பு கிடைத்தது எப்படி?

பதில்: கடைசி இடத்துக்குக் கிடைப்பது முதல் வாய்ப்பு அல்ல, குலுக்கலில் கொஞ்சம் கூடுதலான சீட்டுகள்தான். சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத 14 அணிகளும் இந்த லாட்டரியில் இடம்பெறுகின்றன. ஒன்று முதல் பதினான்கு வரை எண்ணிட்ட பந்துகளை ஓர் இயந்திரத்தில் போட்டுக் காற்றால் சுழற்றுகிறார்கள். இருபது விநாடி சுழன்றபின் முதல் பந்தும், அதன்பின் பத்து விநாடிக்கு ஒன்றாக மேலும் மூன்று பந்துகளும் வெளியே வருகின்றன. நான்கு பந்துகளைக் கொண்டு 1,001 சேர்க்கைகள் அமையும். அவற்றில் 11, 12, 13, 14 என்ற ஒன்றை மட்டும் யாருக்கும் ஒதுக்காமல் விட்டுவிட்டு, மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140, அதாவது 14 சதவீதம். நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் உறை திறக்கும் காட்சிக்கு முன்பே, கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு பூட்டிய ஓர் அறையில் இதெல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது.

முதல் நான்கு இடங்களை மட்டுமே குலுக்கல் தீர்மானிக்கிறது. அதன் பிறகு, தோல்விக் கணக்கின்படி வரிசை நிற்கும். ஆகவே கடைசி அணி ஐந்தாம் இடத்துக்குக் கீழே போகாது, ஆனால் அந்த ஐந்தாம் இடத்துக்கே தள்ளப்படும் வாய்ப்பு மட்டும் ஏறத்தாழ 48 சதவீதம் இருக்கிறது. டெட்ராய்ட்டுக்கு 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐந்தாம் இடமே விழுந்தது. பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா டிராஃப்டுக்கு வந்த 2023இலும் பிஸ்டன்ஸ்தான் கடைசி அணி, ஆனால் அவரைப் பெற்றது சான் அன்டோனியோ.

கேள்வி: அப்படியானால் தோற்றுக்கொண்டே இருந்து நல்ல வீரரைப் பிடிப்பது என்ற திட்டத்துக்குப் பொருளே இல்லையா? என் நண்பர் அதுதான் ஒரே வழி என்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் பழைய கணக்கில் பேசுகிறார். 2018 வரை கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதமாக இருந்தது. 2019இல் விதியை மாற்றினார்கள். அந்த ஆண்டு முதல் 2025 வரை நடந்த ஏழு குலுக்கல்களில் ஒரு முறைகூடக் கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்கவில்லை. 2024இல் அட்லாண்டா 3 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு வென்றது. 2025இல் டல்லாஸ் 1.8 சதவீதத்தில் வென்று கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தது. அதே டல்லாஸ்தான் மூன்று மாதங்களுக்கு முன்பு நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பி, தன் ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு 17 ஆட்டங்களை மட்டுமே வென்ற யூட்டா அணியோ ஐந்தாம் இடத்தில் போய் நின்றது.

பழைய விதியின்கீழ் இதையே கொள்கையாக வைத்து நடந்த அணி ஃபிலடெல்ஃபியா. அது 2013-14இல் 19, அடுத்த ஆண்டு 18, அதற்கடுத்த ஆண்டு 10 வெற்றிகள் பெற்றது. அந்தத் திட்டத்தை வகுத்த சாம் ஹிங்கி 2016 ஏப்ரலில் பதவி விலகினார். ஜோயல் எம்பீட் கிடைத்தார், 2016இலும் 2017இலும் முதல் தேர்வே கிடைத்தது. ஆனால் 2025 வரை அந்த அணி பிளே-ஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. எம்பீட் ஒருவருக்காக அத்தனை ஆண்டு காத்திருந்தது சரிதான் என்று வாதிடுகிறவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை.

கேள்வி: வரும் டிராஃப்டுகளில் வீரர்களை எடுக்கும் தேர்வுரிமைகளையெல்லாம் கொடுத்துவிட்டுப் பெயர்பெற்ற நட்சத்திரம் ஒருவரை வாங்கிவிடலாமே? பிஸ்டன்ஸ் ஏன் அதைச் செய்யவில்லை?

பதில்: செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டதால்தான். 2018 ஜனவரியில் பிளேக் கிரிஃபினை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸிடமிருந்து பெற்றபோது, அவருடைய ஐந்தாண்டு, 17.1 கோடி டாலர் ஒப்பந்தமும் கூடவே வந்தது. டோபையாஸ் ஹாரிஸ் உள்ளிட்ட வீரர்களையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் டெட்ராய்ட் கொடுத்தது. கிரிஃபின் 2018-19இல் மிக நன்றாகவே ஆடினார், அணி பிளே-ஆஃபுக்கும் போனது, அங்கே மில்வாக்கியிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. பிறகு முழங்கால் அவரைக் கைவிட்டது. 2021 மார்ச்சில் மீதி ஒப்பந்தத்துக்கு ஒரு தொகை பேசி முடித்து அனுப்பிவைத்தார்கள்.

வேதனை அதோடு நிற்கவில்லை. டெட்ராய்ட் கொடுத்த அந்தத் தேர்வுரிமை 2018 டிராஃப்டில் பன்னிரண்டாம் இடமாக அமைந்தது. அந்த இடத்தில் எடுத்த வீரரையும், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளையும் சார்லட் அணிக்குக் கொடுத்துக் கிளிப்பர்ஸ் ஓர் இடம் மேலே ஏறியது. அப்படிப் பெற்றவர்தான் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர். அவரைக் கிளிப்பர்ஸும் வைத்துக்கொள்ளவில்லை, பால் ஜார்ஜுக்காக ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியது. 2025இல் அந்த அணி பட்டம் வென்றபோது, சீசனின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

இன்னும் பெரிய பாடம் புரூக்ளின். 2013இல் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பெற, 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும், 2017 டிராஃப்டில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்கு எழுதிக் கொடுத்தது. அவற்றில் இரண்டு, ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமுமாகப் பாஸ்டனில் முளைத்து, 2024இல் பட்டமாகக் காய்த்தன. நலிந்த அணி நட்சத்திரத்தை வாங்கும்போது, வாங்கிய பின்னும் நலிந்தே இருந்தால் தான் கொடுத்த உரிமையின் மதிப்பை அதுவே ஏற்றிவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள வில்லங்கம்.

கேள்வி: 2003இல் டெட்ராய்ட் செய்த தவறு பற்றிப் பழைய ரசிகர்கள் பேசுவதுண்டு. அது என்ன?

பதில்: அந்த டிராஃப்டில் முதலிடத்தில் லெப்ரான் ஜேம்ஸ் போனார். இரண்டாம் இடத்தில் டெட்ராய்ட் செர்பியாவின் டார்கோ மிலிசிச்சை எடுத்தது. மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களில் போனவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட். அந்த மூவரும் பெரும் நட்சத்திரங்களானார்கள், மிலிசிச் ஆகவில்லை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

சொல்ல வேண்டியது வேறொன்று. அந்த இரண்டாம் இடம் டெட்ராய்ட்டின் சொந்த இடமே அல்ல. 1997இல் ஓட்டிஸ் தார்ப்பை வான்கூவர் அணிக்குக் கொடுத்து வாங்கிய எதிர்கால உரிமை ஆறு ஆண்டுகள் கழித்து அப்படிப் பழுத்தது. கிடைத்த கனியை வீணடித்த அதே அணி, அடுத்த ஆண்டே லேக்கர்ஸை நான்குக்கு ஒன்று என்று வென்று பட்டம் பெற்றது. யாரை வைத்து? பென் வாலஸை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. கிராண்ட் ஹில் ஒர்லாண்டோவுக்குப் போனபோது, மாற்றாக வந்தவர் அவர். சான்சி பில்லப்ஸ் பல அணிகள் கைமாறி 2002 கோடையில் ஒப்பந்தமானவர். ரிச்சர்ட் ஹாமில்டன், ஜெரி ஸ்டாக்ஹவுஸைக் கொடுத்து வாங்கியவர். ரஷீத் வாலஸ் சீசன் நடுவில், 2004 பிப்ரவரியில் வந்தார். டிராஃப்டில் டெட்ராய்ட் தானே எடுத்து முதல் ஐவரில் ஆடவைத்தவர் டேஷான் பிரின்ஸ் ஒருவர்தான், அவரும் 23ஆம் இடம். பரிமாற்றக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அப்படியொரு கோர்வை இருபதாண்டுக்கு ஒரு முறைதான் அமைகிறது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் டெட்ராய்ட் ஆற்றுக்கு இக்கரையில், கனடாவின் வின்ட்சரில் இருக்கிறேன். அந்தத் தோல்வித் தொடரின்போது அரங்கத்தில் “அணியை விற்றுவிடு” என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். 2024 கோடையில் ஐந்தாம் தேர்வை விற்றாவது பெரிய ஆளை வாங்கச் சொல்லி எங்கள் நண்பர்கள் வட்டத்தில் சண்டையே நடந்தது. உண்மையில் அந்தக் கோடையில் எது வேலை செய்தது?

பதில்: நீங்கள் கத்திய நாள்களில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 26 அன்று புரூக்ளினிடம் 118-112 என்று தோற்றபோது, அது தொடர்ந்து 27ஆவது தோல்வி, ஒரே சீசனில் அதுவரை எந்த அணியும் அத்தனை முறை தொடர்ந்து தோற்றதில்லை. அன்று கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் எடுத்தார். 2021 டிராஃப்டின் முதல் தேர்வான அவரைச் சுற்றி ஜேடன் ஐவி, ஜேலன் டூரன், ஒசார் தாம்சன் என்று டிராஃப்டில் வந்த இளைஞர்கள் இருந்தார்கள். இல்லாதவை, அவர் கொடுக்கும் பந்தைத் தூரத்திலிருந்து வளையத்துக்குள் போடும் கைகள். எதிரணிக்காரர்கள் மற்றவர்களை விட்டுவிட்டு இவரை இரண்டு மூன்று பேராக மொய்த்தார்கள். திறமை போதாத அணி என்பதைவிட, ஒருவர் திறமைக்கு இன்னொருவர் உதவாத அணி என்பதே பொருத்தம்.

2024 கோடையில் அணி நிர்வாகத்தின் புதிய தலைவராக வந்த டிரஜன் லாங்டன் பெரிய ஆள் யாரையும் வாங்கவில்லை. டோபையாஸ் ஹாரிஸை இரண்டு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலருக்குத் திரும்ப அழைத்தார். மலிக் பீஸ்லியை ஓராண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு எடுத்தார். சம்பள உச்சவரம்புக்குக் கீழே இருந்த காலி இடத்தைக் காட்டி, டல்லாஸ் கழிக்க நினைத்த டிம் ஹார்டவே ஜூனியரின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டு, கூடவே மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளையும் வாங்கிக்கொண்டார். மூவரும் அனுபவமுள்ள வீரர்கள், மூவருக்கும் தூரத்திலிருந்து போடத் தெரியும். அந்த சீசனில் பீஸ்லி மட்டும் 319 மூன்று புள்ளிக் கோல்கள் போட்டார், லீக்கிலேயே அவரை முந்தியவர் 320 போட்ட ஆந்தனி எட்வர்ட்ஸ் ஒருவர்தான். ஐந்தாம் தேர்வை விற்காமல் ரான் ஹாலண்டை எடுத்து, அவசரப்படாமல் மாற்று ஆட்டக்காரராக வளர்த்தார்கள்.

பயிற்சியாளர் விஷயத்தையும் மறைக்கக்கூடாது. மான்டி வில்லியம்ஸுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.85 கோடி டாலர் பேசி 2023இல் அழைத்தார்கள், அந்த நியமனத்தை வரவேற்று இதே பகுதியில் எழுதியவன் நான். ஒரே சீசனில் அவரை நீக்கி, மீதிச் சம்பளத்தின் சுமையையும் ஏற்று, ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபைக் கொண்டுவந்தார்கள். கொடுத்த பணம் கண்ணை உறுத்துகிறதே என்று அவரை வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

82 ஆட்டங்கள் கொண்ட சீசனில், முந்தைய ஆண்டு வெற்றிகளை மூன்று மடங்காக்கிய முதல் அணி டெட்ராய்ட்தான். பிளே-ஆஃப் முதல் சுற்றில் நியூயார்க்கிடம் நான்குக்கு இரண்டு என்று தோற்றாலும், இரண்டாம் ஆட்டத்தை 100-94 என்று வென்றதன் மூலம் 2008 முதல் தொடர்ந்த 15 பிளே-ஆஃப் தோல்விகளின் வரிசையை முடித்தது. ஆகவே உங்கள் வட்டத்தில் இளைஞர்களை விற்காதே என்று சொன்னவரும், அனுபவசாலிகளை வாங்கு என்று சொன்னவரும் பாதிப் பாதி சரி. பெரிய பெயரைத் தேடியவர் மட்டும் காபிச் செலவை ஏற்க வேண்டும்.

கேள்வி: ஹார்டவேக்காகக் கொடுத்த குவென்டின் கிரைம்ஸ் பின்னர் நன்றாக ஆடினாரே, அது நஷ்டம் இல்லையா?

பதில்: ஒரு பக்கம் நஷ்டம்தான். டல்லாஸ் அவரை 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்ப, காயங்களால் பாதி காலியாக இருந்த அந்த அணியில் பந்து எந்நேரமும் அவர் கையில் இருந்தது, புள்ளிகளும் குவிந்தன. டெட்ராய்ட்டில் கன்னிங்ஹாம் கையில் பந்து இருக்கையில் அவருக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்திருக்காது. 24 வயதுக்காரரைக் கொடுத்து 32 வயதுக்காரரை வாங்கியதை நான் குறையாகவே பார்க்கிறேன். 2025 ஜனவரி முதல் நாள் ஐவி கால் முறிந்து வெளியேறியபோது, அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

கேள்வி: 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் டெட்ராய்ட் யாரை எடுத்தது? பட்டியலில் காணவில்லை.

பதில்: யாரையும் எடுக்கவில்லை. 2020இல் ஐசாயா ஸ்டூவர்ட்டைப் பெறுவதற்காகக் கொடுத்த உரிமை அது. முதல் 13 இடங்களுக்குள் அமைந்தால் டெட்ராய்ட்டே வைத்துக்கொள்ளலாம் என்று அதற்கு அந்த ஆண்டு ஒரு காப்பு இருந்தது. 44 ஆட்டங்களை வென்றதால் அது பதினேழாம் இடமாகி, பல கை மாறியிருந்த உரிமை மினசோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது.