கடலூர் சில்வர் பீச்சில் மாசி மகத்துக்குப் போடும் ராட்டினத்தில் 6 வயதுக் குழந்தையோடு ஏறலாமா? எப்போது போவது நல்லது?

ஏறலாம். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு பத்து நிமிடம் கீழே நின்று ராட்டினம் ஓடுவதைப் பாருங்கள். எல்லோரும் உயரத்தைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை வேகமும், ஆள் ஏற்றுகிற முறையும்தான்.

லண்டனில் உள்ள 'லண்டன் ஐ' என்ற ராட்சத ராட்டினம் 135 மீட்டர் உயரம். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் எடுக்கும், ஏறுவதும் இறங்குவதும் ஓடும்போதே நடக்கும். அதில் வயிறு கலங்க வாய்ப்பே இல்லை. திருவிழா ராட்டினம் அவ்வளவு உயரம் கிடையாது, ஆனால் ஒரு சுற்றைப் பத்து நொடியில் முடித்துவிடும். நடு அச்சிலிருந்து ஆள் உட்காரும் தொட்டி வரை 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6 சுற்று ஓடினால், உச்சியைத் தாண்டும்போது உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததுபோல் இருக்கும். அடியில் வரும்போது அதே அளவு கூடும். வயிற்றுக்குள் ஏதோ நழுவுகிற மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

அளப்பது சுலபம். ஒரு நிறத் தொட்டியைக் குறி வைத்து, முழு வேகத்தில் 5 சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று செல்போனில் பாருங்கள். 60 நொடிக்கு மேல் ஆனால் 6 வயதுப் பிள்ளைக்கு ஒத்துவரும். 50 நொடி என்றால் யோசிக்க வேண்டும். 40 நொடி என்றால் உச்சியில் பாதி எடை போய்விடும். குழந்தை இருக்கையில் நிலையாக உட்காராது, ஏற்றாதீர்கள். சனிக்கிழமை இரவு கூட்டம் அதிகமானால் வேகத்தைக் கூட்டிச் சுற்றைக் குறைத்து முடிப்பதும் உண்டு. அதனால் நீங்கள் ஏறப்போகிற நேரத்திலேயே அளந்து பாருங்கள்.

அடுத்தது ஆள் ஏற்றுவது. நல்ல ஆபரேட்டர் ஒரு தொட்டியை நிரப்பியதும் அரைச் சுற்று திருப்பி, நேர் எதிரே இருக்கிற தொட்டியை நிரப்புவார். பிறகு அவற்றுக்குக் குறுக்கே உள்ள இரண்டு. இப்படி மாற்றி மாற்றி ஏற்றினால்தான் சக்கரம் சமநிலையில் இருக்கும். வரிசையாக நாலைந்து தொட்டிகளை நிரப்பிக்கொண்டே போனால் எடை முழுதும் ஒரே பக்கம் சேரும். ஒரு தொட்டியில் பெரியவர்கள் நாலு பேர் என்றால் சுமார் 240 கிலோ, அது மாதிரி நாலு தொட்டி என்றால் ஏறக்குறைய ஒரு டன். அந்தப் பக்கம் மேலே ஏறும்போது மோட்டார் முனகும், பெல்ட் வழுக்கும், சில சமயம் சக்கரம் பின்னோக்கி உருளப் பார்க்கும். பிரேக்கை அழுத்தியும் சக்கரம் ஒரு முழம் நழுவி நிற்கிறதா என்று பாருங்கள். நழுவினால் அந்த ராட்டினம் வேண்டாம். இறக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். அவசரத்தில் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கடற்கரை என்பதால் இரண்டு விஷயங்கள் கூடுதல். ஒன்று மணல். அடிச்சட்டத்தை வெறும் மணலில் வைக்கக் கூடாது. கனமான கட்டைகளைக் குறுக்காக அடுக்கி, அவற்றின் மேல் வைக்க வேண்டும். ஓட்டத்தின் அதிர்வில் காய்ந்த மணல் மெல்ல விலகும், ஒரு பக்கக் கட்டை மட்டும் இறங்கும். தூரத்தில் நின்று, சக்கரத்தின் இரண்டு கால்களையும் ஏதாவது ஒரு விளக்குக் கம்பத்தோடு ஒப்பிட்டால் சாய்வு கண்ணுக்குத் தெரியும். இழுத்துக் கட்டிய கம்பி வடங்களில் ஒன்று தொய்ந்து மற்றொன்று விறைப்பாக இருந்தாலும் அதே கதைதான்.

மற்றது உப்புக் காற்று. புதுப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெல்டிங் மூட்டில் பெயின்ட் கொப்புளம்போல் உப்பி, கீழே பழுப்புக் கறை வழிந்திருந்தால் உள்ளே இரும்பு அரித்துக்கொண்டிருக்கிறது. தொட்டி தொங்குகிற பின்னின் முனையில் பூட்டுக் கொக்கி இருக்க வேண்டும். அந்த இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சீரியல் விளக்கு எரிகிற இரவில் இதெல்லாம் தெரியாது, வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பொறியாளர் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, காவல் துறை அனுமதி இருக்கிறதா என்று டிக்கெட் கவுன்ட்டரில் கேட்பதில் தப்பே இல்லை.

உட்காரும்போது குழந்தையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வையுங்கள். குறுக்குக் கம்பி பெரியவர்களின் மடிக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். சின்னப் பிள்ளை அதன் அடியில் வழுக்கி வந்துவிடும். கதவுக்குத் தாழ்ப்பாளோடு சங்கிலியும் போட்டார்களா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். யாரும் எழுந்து நிற்கக் கூடாது, ஏனென்றால் தொட்டி மேலே உள்ள பின்னில் தொங்குகிறது. நின்றால் எடை மேலே ஏறி ஆட்டம் கூடும். முக்கியமாக, நீளமான சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டுவிடுங்கள், துப்பட்டாவையும் முந்தானையையும் இடுப்பில் செருகுங்கள். காற்றில் வெளியே பறக்கும் முடி சுழலும் பகுதியில் சிக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் தலைத்தோலோடு போய்விடும். இதற்குப் பயந்தே ஆக வேண்டும்.

மாசி மகத்தன்று சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். கூட்டத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதே பெரிய பாடு. மறுநாள் மாலை போங்கள். ஐந்தரைக்குப் போனால் பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும், மறுநாள் அதைவிட முக்கால் மணி நேரமாவது தள்ளி வரும். ஆக ஏழு மணி வாக்கில் இருட்டான கடலிலிருந்து நிலா கிளம்புவதை மேலேயிருந்து பார்க்கலாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 16 கிலோமீட்டர். மணலில் நிற்பவருக்கு 5 கிலோமீட்டர்கூட இல்லை. சக்கரம் கிழக்கு மேற்காக நின்றால் கடலைப் பார்த்த பெஞ்சைக் கேட்டு வாங்குங்கள். அப்படி நிற்கும் சக்கரத்தில் கடற்காற்று தொட்டியை முன்னும் பின்னும் ஆட்டும், அது இயல்புதான். ஆனால் கொடிகள் படபடத்து மணல் பறக்க ஆரம்பித்தால் அன்றைக்கு வேண்டாம். சாப்பாட்டை ராட்டினத்திலிருந்து இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கரன்ட் போய் மேலே நின்றுவிட்டால் பதற வேண்டாம். 2008 டிசம்பரில் 'சிங்கப்பூர் ஃப்ளையர்' என்ற ராட்சத ராட்டினம் நின்றபோது 173 பேர் சுமார் ஆறு மணி நேரம் மேலேயே இருந்தார்கள். திருவிழா ராட்டினம் சின்னது என்பதால் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கனமான பக்கத்தைத் தானாக இறங்கவிட்டு, கையாலும் தள்ளி ஒவ்வொரு தொட்டியாக இறக்கிவிடுவார்கள். உங்கள் தொட்டி தரைக்கு வந்து, ஆள் வந்து கையால் பிடித்துக் கதவைத் திறக்கும் வரை சங்கிலியைத் தொடாதீர்கள். முதலில் ஒரு பெரியவர் இறங்கி, பிறகு குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். கடைசி ஆள் இறங்கும்போது எடை குறைந்து தொட்டி பின்னால் ஆடும், அந்த நேரத்தில் குழந்தை பக்கத்தில் நிற்கக் கூடாது.