சோப்பும் நூலும்

அன்புள்ள ஐயா,

மும்பை முலுண்டில் ஒரு ரூம்-கிச்சன் வீட்டில் இருக்கிறேன். 1925 பிப்ரவரியில் வி.டி.யிலிருந்து (இன்றைய சி.எஸ்.எம்.டி.) குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்ரயில் ஓடியதைப் பற்றிப் படித்ததும், பரணில் கிடந்த எச்ஓ அளவு மாடல் எஞ்சினை இறக்கி, பலகையில் தண்டவாளமும் மேலே கம்பியும் போட்டுவிட்டேன். கரண்டைக் கம்பியிலிருந்தே எடுக்கலாமா, தண்டவாளத்தில் கொடுத்துவிட்டு எஞ்சின் தலையில் கம்பியைத் தொடும் பேண்டோகிராஃபைச் சும்மா தூக்கிவைத்தால் போதுமா? அந்தக்கால 1500 வோல்ட் எஞ்சினும் இந்தக்கால 25,000 வோல்ட் எஞ்சினும் ஒரே கம்பியின் கீழ் ஓடினால் தப்பா? 46 வயதில் பொம்மை ரயிலா என்று மனைவி சிரிக்கிறாள். படம் இணைத்திருக்கிறேன்.

முலுண்ட் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கட்டும், விடுங்கள். வோல்ட் கவலையும் வேண்டாம், உங்கள் வீட்டுக் கம்பியில் வருவது 12 வோல்ட், அதில் எந்தக்கால எஞ்சினும் ஓடும். எஞ்சினில் மேல்கம்பிக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் கம்பியிலிருந்தே எடுங்கள். ஆனால் கரண்ட் திரும்பிப்போவது ஒரு பக்கச் சக்கரம் வழியாகத்தான், எஞ்சினைத் திருப்பிவைத்தால் அந்தச் சக்கரம் எதிர்த் தண்டவாளத்தில் போய் நிற்கும், வண்டி அசையாது. இரண்டு தண்டவாளத்தையும் ஒன்றாக இணைத்துவிட்டால் தீர்ந்தது.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். கம்பியை என்ன ஐயா துணி காயப்போடும் கொடி மாதிரி நட்டநடுவில் நேராக இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள்? தினமும் லோக்கலில் போகிறவர் ஒருநாளாவது அண்ணாந்து பார்த்ததில்லையா? போன வாரம்கூட மாட்டுங்கா நடைபாலத்தில் நின்று இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்பம் கம்பியை இடப்பக்கம் இழுக்கிறது, அடுத்தது வலப்பக்கம்.

அப்பா ரயில்வேயில் மேல்கம்பி கேங்கில் இருந்தார். எனக்கு எட்டு வயதிருக்கும், கம்பி ஏன் கோணலாகப் போகிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பாத்ரூமிலிருந்து புதுச் சலவை சோப்பை எடுத்துவந்து, தையல் நூலை அதன்மேல் ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் இழுக்கச் சொன்னார். இருபது இழுப்பில் நூல் கால் அங்குலம் உள்ளே போய்விட்டது. சோப்பைத் திருப்பிப் போட்டு, இப்போது நூலை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இழு என்றார். மேல்பக்கம் முழுக்க லேசாக மழுங்கியதே தவிர, பள்ளம் விழவில்லை. சோப்புதான் பேண்டோகிராஃபில் கம்பி உரசும் மேல்பட்டை, நூல்தான் கம்பி. நேர்க்கம்பி அதில் பள்ளம் வெட்டும், அப்புறம் கம்பி அந்தப் பள்ளத்தில் சிக்கி இரண்டும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும்.

நேர்ப்பாதையில் நம் ரயில்வே கம்பியை நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 200 மில்லிமீட்டர் வரை தள்ளுகிறது. உங்கள் எஞ்சின் 87-இல் ஒரு பங்கு, ஆகவே 2.3 மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் அகலம்தான். அதற்குக்கூடவா சோம்பல்? எல்லாக் கம்பத்தையும் கழற்றிவிட்டு மறுபடி கட்டுங்கள், வேறு வழியில்லை.

பாதி சோப்பு வீணாகிவிட்டது என்று அன்று அம்மா போட்ட சத்தத்தில் நானும் அப்பாவும் வாசலுக்கு ஓடிவிட்டோம். மிச்சத்தை ஒரு மாதம் அவர் தன் காக்கிச் சட்டைக்கே போட்டுத் தீர்த்தார்.