வெள்ளம், தீ மாதிரி அவசரத்துல நம்ம நாய், பூனைய எப்படி காப்பாத்துறது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, எங்க பூனை கேரியர (அத வச்சு தூக்கிட்டு போற கூண்டுப் பெட்டி) பாத்தாலே ஓடிடும். அவசரத்துல எப்படி தூக்கிட்டு போறது?

ஊசி போடுற அன்னிக்கு மட்டும் கேரியர வெளிய எடுத்தா அது ஓடத்தான்மா செய்யும். இன்னிக்கே ஹால்ல திறந்து வச்சிடுங்க, உள்ள அது படுக்குற பழைய துணிய போட்டு சாப்பாட்டையும் அங்கயே வைங்க, கொஞ்ச நாள்ல தானா போய் தூங்க ஆரம்பிச்சிடும். பயந்தா பூனை கட்டிலுக்கு அடியில புகுந்துக்கும், அதனால எச்சரிக்கை வந்த உடனே ஒரே ரூம்ல விட்டு கதவ சாத்திடுங்க, கடைசி நிமிஷத்துல தேடிட்டு நிக்க வேணாம். கேரியர் இல்லையா, தலையணை உறை போதும்.

கேள்வி: ஒரு நாள்ல திரும்பிடுவோம், நாய வீட்டுலயே விட்டுட்டு போகலாமா?

வேணாம் தம்பி, தயவுசெஞ்சு வேணாம். ஒரு நாள்னு கிளம்பினவங்க வாரக்கணக்குல உள்ள போக முடியாம தவிச்சிருக்காங்க. 2005 கத்ரீனா புயல்ல எத்தனையோ பேர் பிராணிய விட்டுட்டு வர மனசில்லாம வீட்டுலயே இருந்துட்டாங்க, அதுக்கப்புறம்தான் அமெரிக்காவுல 2006ல மீட்புத் திட்டத்துல வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கணும்னு சட்டமே போட்டாங்க. உங்கள அனுப்புற முகாம்ல நாய சேத்துப்பாங்களான்னு இப்பவே விசாரிச்சு வைங்க. உயிருக்கே ஆபத்து, தூக்கிட்டு போக வழியே இல்லன்னா கூட கட்டி மட்டும் போட்டுடாதீங்க, சங்கிலில இருக்குற நாய் தண்ணி ஏறினா நீந்தக்கூட முடியாது.

கேள்வி: அவசரத்துல எடுத்துட்டு கிளம்புற பையில என்னென்ன வேணும்?

ஒரு வாரத்துக்கு சாப்பாடு, தண்ணி (10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல), மருந்து, தடுப்பூசி கார்டு. நீங்களும் அதுவும் சேர்ந்து இருக்குற போட்டோ ஒண்ணு கண்டிப்பா வேணும், இது என் நாய்தான்னு காட்ட அதவிட நல்ல ஆதாரம் இல்ல.

கேள்வி: நாய்க்கு தோலுக்கு அடியில வைக்கிற மைக்ரோசிப் போட்டிருக்கேன், தொலைஞ்சா மேப்ல தெரியும்ல?

தெரியாதுங்க. அதுல இருக்கிறது வெறும் 15 இலக்க நம்பர், ஸ்கேனர் வச்சு பாத்தாதான் வரும். பழைய போன் நம்பர் பதிவாகி இருந்தா சிப் இருந்தும் பிரயோஜனம் இல்ல, இன்னிக்கே மாத்துங்க.

கேள்வி: தண்ணி வடிஞ்சிருச்சு, வெளிய விடலாமா?

கொஞ்ச நாள் கயிறோடதான். பழகின வாசனையெல்லாம் போயிருக்கும், அதுக்கு வழி குழம்பும். தேங்கின தண்ணிய குடிக்க விடாதீங்க, எலி மூத்திரம் கலந்திருந்தா லெப்டோ (எலிக்காய்ச்சல்) வரும். சோர்வு, வாந்தி, கண்ணு மஞ்சளா இருந்தா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, காய்ச்சல்னு நம்ம பாராசிட்டமால குடுக்காதீங்க, பூனைக்கு ஒரே மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து.