வாசகர் கேள்வி: டப்ளின் டெம்பிள் பாரில் ஒரு மாலை

கேள்வி: மகன் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் மேல்படிப்புப் படிக்கிறான். ஜூன் மாதம் நானும் அவன் அப்பச்சியும் போகிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் டெம்பிள் பாருக்குப் போய்விட்டு வாருங்கள் என்கிறார்கள். அங்கே கோயில் இருக்கிறதா? மது தொடாத நாங்கள் அந்தப் பக்கம் போகலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகப் போகலாம் ஆச்சி. கோயில் கிடையாது. டெம்பிள் என்பது 1600-களில் அங்கே வீடு வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெயர். 'பார்' என்பது ஆற்றங்கரையை மேடாக்கிப் போட்ட நடைபாதைக்குப் பழைய பெயர் என்பார்கள். லிஃபி ஆற்றின் தென்கரைக்கும் டேம் தெருவுக்கும் நடுவே, கல் பாவிய சில சந்துகள்தான் மொத்தப் பகுதியும். 1980-களில் பேருந்து நிலையம் கட்டுவதற்காக இதை இடிக்க இருந்தார்கள். அதுவரை கட்டடங்களைக் குறைந்த வாடகைக்கு விட்டதால் ஓவியர்களும் இசைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். இடம் பிழைத்தது அவர்களால்தான்.

வடகரையிலிருந்து 1816-ல் கட்டிய ஹேப்பென்னி இரும்பு நடைபாலத்தைக் கடந்து, மெர்ச்சன்ட்ஸ் ஆர்ச் வளைவுக்குள் நுழையுங்கள். அதுதான் நல்ல வழி. மாலை 4 மணியிலிருந்து 7 மணி வரை உங்களுக்குத் தோதான நேரம். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும், இருட்டுமே என்ற கவலை வேண்டாம். மழை தூறினால் அந்தக் கற்கள் வழுக்கும். தோல் செருப்பு ஆகாது, ரப்பர் அடியுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பப்பில் மது வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. டீயோ லெமனேடோ கேட்கலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பெரும்பாலும் கவுன்ட்டரில் நாமே கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து வாங்கிவர வேண்டும். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் போகிறோம். கின்னஸ் என்ற கறுப்பு பீர் குடிக்க டெம்பிள் பார்தான் சரியான இடமா? என்ன செலவாகும்?
- வாசகர், காரைக்குடி

பதில்: பார்ப்பதற்குச் சரியான இடம். குடிப்பதற்கு, என் கணக்கில், இல்லை. அங்கே ஒரு பைன்ட் (568 மில்லி) 8 யூரோவிலிருந்து 10 யூரோ வரை போகும். சில பப்களில் நேரம் ஆக ஆக விலையும் ஏறும். கால் மணி நேரம் தள்ளி நடந்தால் அதே பைன்ட் 6, 7 யூரோ. நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒரு சுற்று வாங்குவது அந்த ஊர் வழக்கம். மற்றவர் வாங்கியதைக் குடித்துவிட்டு, தன் முறை வரும்போது எழுந்து போவது பெரிய மரியாதைக் குறைவு. நாலு சுற்று முழுதாக வேண்டாம் என்றால் முதலிலேயே "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

ஊற்றும் முறையைக் கவனியுங்கள். கண்ணாடி டம்ளரை 45 பாகை சாய்த்து முக்கால் அளவு பிடித்து, அப்படியே வைத்துவிடுவார்கள். நம்மவர்கள் பலர் அதை எடுக்கக் கை நீட்டிவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், அது பாதிதான் ஆகியிருக்கிறது. அதில் உள்ள நைட்ரஜன் குமிழ்கள் மிகப் பொடிசு, அடங்க நேரம் எடுக்கும். ஓரத்துக் குமிழ்கள் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்குவது தெரியும். பழுப்பு மெல்லக் கறுத்து, மேலே வெண்ணுரை பிரிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். கம்பெனி சொல்லும் கணக்கு 119.5 விநாடி. ஒரேயடியாக ஊற்றினால் நுரை பொங்கி வழியும்.

பப்களில் பொதுவாகத் திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30 மணிக்கும், வெள்ளி சனியில் 12.30-க்கும், ஞாயிறு 11 மணிக்கும் கடைசி விற்பனை. குடித்து முடிக்க அரை மணி தருவார்கள். தாமத உரிமம் உள்ளவை 2.30 வரை. கடைகளில் இரவு 10 மணிக்கு மேல் மது விற்பதில்லை. டம்ளரோடு தெருவில் நடந்தால் அபராதம். புகைப்பதும் வெளியில்தான், 2004-லிருந்தே உள்ளே தடை. தூங்க வேண்டுமானால் அந்தச் சந்துகளில் அறை எடுக்காதீர்கள், வார இறுதியில் விடியும்வரை கூச்சல்தான். விமான நிலையத்துக்கு 41-ஆம் எண் பேருந்து இரவு முழுக்க ஓடுகிறது. லீப் கார்டு என்ற பயண அட்டையை வாங்கிவிடுங்கள். பேருந்தில் நோட்டு வாங்கமாட்டார்கள், சில்லறை மட்டும்தான், மீதியும் தரமாட்டார்கள்.

கேள்வி: அசல் ஐரிஷ் இசை கேட்க எங்கே போவது?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: டெம்பிள் பாரில் பெரும்பாலும் மைக் வைத்து, பயணிகளுக்குத் தெரிந்த பாட்டாகப் பாடுவார்கள். கலகலப்பாக இருக்கும். ஆனால் ஆற்றைக் கடந்து ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்புக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், அதைத்தான் நான் விரும்பிச் சொல்வேன். மேடை இல்லை, மூலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். பிடில், புல்லாங்குழல், கஞ்சிராவைப் பெரிதாக்கியது போன்ற ஆட்டுத்தோல் போத்ரான், முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப். மேசையருகே நாற்காலி காலியாகத் தெரிந்தாலும் உட்கார வேண்டாம், அது வரப்போகிற வாசிப்பவருக்கு. இரண்டு மூன்று மெட்டுகளை இடைவெளியின்றிக் கோத்து வாசிப்பதால், நடுவில் கை தட்டினால் கெடும். கச்சேரியில் பேச்சுக் குரல் கேட்டால் நமக்கு எப்படி இருக்குமோ, அவர்களுக்கும் அப்படியே.

கேள்வி: 12 வயதுப் பேரனைப் பப்புக்கு அழைத்துப் போகலாமா? நாங்கள் சைவம்.
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: 15 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பொறுப்பாளரோ கூட இருக்க வேண்டும். இரவு 9 மணிக்கு, மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்கு வெளியேறிவிட வேண்டும். சாப்பாட்டை முன்னதாகவே முடித்துவிடுங்கள், பப் சமையலறைகள் பல 9 மணிக்கே மூடிவிடும். காய்கறி சூப்பும் சோடா பிரெட்டும் பல இடங்களில் கிடைக்கும். சூப்பின் அடிச்சாறு கோழி எலும்பு வேகவைத்ததாக இருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள். சில மீன் வறுவல் கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸ் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது, அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: பாரிஸுக்கு எடுத்த ஷெங்கன் விசா போதுமா?
- வாசகர், கோட்டையூர்

பதில்: போதாது. அயர்லாந்து யூரோ புழங்கும் நாடு, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் சேரவில்லை. தனி விசா வேண்டும். அதில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் பிரிட்டனுக்கும் போகலாம், ஆனால் முதலில் அயர்லாந்தில்தான் இறங்க வேண்டும். பெல்ஃபாஸ்ட் போகும் சாலையில் சோதனைச் சாவடி இல்லை என்று எண்ணி விசா இல்லாமல் கிளம்பாதீர்கள், அது பிரிட்டன் மண்.